உப்புவெளியில் சுடுநீர்த் தொட்டி: அடுப்புக்குள் எதைப் போடுவது?

உப்புவெளி_விடுதி
ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலைக்குப் பக்கத்தில், உப்புவெளியில் ஒரு சின்ன விடுதி வைத்திருக்கிறேன். வைகாசியில் இருந்து புரட்டாதி வரை "அறை இல்லை" என்று ஆட்களைத் திருப்பி அனுப்புகிற நிலை. வாடை தொடங்கிவிட்டால் ஈ, காக்கை இல்லை. நோர்வேயில் இருக்கும் அண்ணர் வந்து நின்றபோது இதைப் பார்த்துவிட்டு, "மாரி மழையைப் பார்த்தபடி கழுத்தளவு சுடுதண்ணீரில் கிடக்க ஓர் இடம் இருந்தால் கொழும்பில் இருந்து சனம் வரும்" என்றார். சொன்னதோடு விடவில்லை, கப்பலில் ஓர் அடுப்பையும் ஏற்றி அனுப்பிவிட்டார்.

அடுப்பு தொட்டிக்கு வெளியே நிற்கும் வகை. ஸ்டெயின்லெஸ் தகடு, இரட்டைச் சுவர், இரண்டு சுவருக்கும் நடுவில் தண்ணீர். மேலே ஒரு குழாய், கீழே ஒரு குழாய். பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் மேல் குழாயால் தொட்டிக்குப் போக, ஆறின தண்ணீர் கீழ்க் குழாயால் அடுப்புக்கு வரும். தொட்டியை இங்கேயே ஓர் ஆசாரியார் மரத்தில் செய்து தந்தார். 1500 லீற்றர் பிடிக்கும்.

என் கேள்வி எரிபொருள் பற்றியது. பின்வளவில் தென்னை இருப்பதால் பொச்சும் (தேங்காயின் நார் உறை) ஓலை மட்டையும் சிரட்டையும் காசில்லாமல் கிடைக்கும். மழைக்காலம் முடியக் கடற்கரையில் கட்டைகள் ஒதுங்கும். மூதூரில் உமி இருக்கிறது. சிரட்டைக் கரி கடையில் வாங்கலாம். மருமகன் ஒருவன் நிலக்கரிதான் சரி என்கிறான். அண்ணரைக் கேட்டால் "பேர்ச் விறகு போடு" என்கிறார். அந்த மரத்துக்குத் திருகோணமலையில் நான் எங்கே போவேன்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சும்மா_எட்டிப்பார்ப்பவன்
ஞாயிறு, இரவு 10.05

கன்னியாவில் இராவணன் ஏழு கிணறு வைத்துவிட்டுப் போயிருக்கிறான். விறகும் வேண்டாம், புகையும் இல்லை. சனத்தை ஓட்டோவில் ஏற்றி அங்கே அனுப்புங்கள் அண்ணை.


உப்புவெளி_விடுதி
ஞாயிறு, இரவு 10.20

அங்கே வாளியால் அள்ளித்தான் வார்க்கலாம் தம்பி, உள்ளே இறங்கிக் கிடக்க முடியாது. மாரியில் இரவு பத்து மணிக்கு யார் கன்னியாவுக்குப் போவார்கள்?


லண்டன்_திருமலையான்
திங்கள், அதிகாலை 2.15

உங்கள் மருமகன் சொன்னது சரி. நான் பத்தாம் குறிச்சிக்காரன், இப்போது இங்கிலாந்தில். என் வீட்டுத் தோட்டத்தில் இதே மாதிரி ஒரு தொட்டி இருக்கிறது. அந்திரசைற் என்ற கடின நிலக்கரி போடுகிறேன். கிலோவுக்கு 30 மெகாயூலுக்கு மேல் சூடு, விறகைப் போல இரண்டு மடங்கு. புகை இல்லை என்றே சொல்லலாம். ஒரு தடவை தணல் பிடித்துவிட்டால் மணிக்கணக்காகத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. இங்கே 2023 மே மாதத்தில் இருந்து வீட்டு அடுப்புக்குச் சாதாரண நிலக்கரி விற்கத் தடை, ஆனால் அந்திரசைற்றுக்குத் தடை இல்லை. காரணம் அது புகைக்காது, கந்தகமும் குறைவு. விறகு போட்டால் ஒருவர் அடுப்படியிலேயே நிற்க வேண்டும்.


சும்மா_எட்டிப்பார்ப்பவன்
திங்கள், காலை 6.50

சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் வரும் வரும் என்று சொல்லி 2016 இல் கைவிட்டார்கள். கடைசியில் நிலக்கரி உப்புவெளிக்கு வரப்போகிறது.


பழைய_கொதிகலன்
திங்கள், காலை 8.30

தம்பி விடுதி, முதலில் அடுப்பைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லுங்கள். அடியில் கம்பித் தட்டு இருக்கிறதா, அதற்குக் கீழே சாம்பல் இழுக்கும் தட்டு இருக்கிறதா? காற்று உள்ளே போகும் துவாரம் கதவில் எந்த உயரத்தில் இருக்கிறது? எரிபொருளைத் தேர்ந்தெடுப்பது பாதிக்கு மேல் அடுப்பின் கையில். நாங்கள் ஆசைப்பட்டதை அதற்குள் போட முடியாது.


உப்புவெளி_விடுதி
திங்கள், காலை 9.10

ஐயா, கம்பித் தட்டு இல்லை. அடி சமதரையான தகடு. காற்று வரும் துவாரம் கதவின் நடுவில், திறந்து மூடுகிற வட்டம் ஒன்று இருக்கிறது. தகடு ஏறக்குறைய இரண்டு மில்லிமீற்றர் தடிப்பு.


பழைய_கொதிகலன்
திங்கள், காலை 11.45

அப்படியானால் அது விறகு அடுப்பு. நிலக்கரிக்கு அது பொருந்தாது.

விறகின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் சூட்டில் வாயுவாகிப் போகும். சுவாலையாகத் தெரிவது அந்த வாயு எரிவதுதான். அதனால் விறகுக்குக் காற்று மேலே இருந்து வேண்டும், கீழே சாம்பல் மெத்தை இருந்தால் இன்னும் நல்லது. அந்திரசைற்றில் வாயு மிகக் குறைவு, கட்டியே தணலாகி எரிகிறது. கீழே இருந்து தணலுக்கு நடுவால் காற்றுப் போக வேண்டும், அடுக்கும் தடிப்பாக இருக்க வேண்டும். சமதரைத் தகட்டில் கொட்டினால் மேல் பக்கம் சிவந்து, உள்ளே கருப்பாகவே அணைந்துபோகும். "பரவாயில்லை, ஊதி எரிப்போம்" என்று காற்றாடி பிடித்தால் தணல் 1000 பாகையைத் தாண்டும். பின்னால் தண்ணீர் இருக்கிற இடத்தில் தகடு தப்பும். கதவு, கதவின் சட்டம், புகைக்குழாயின் கழுத்து இவற்றுக்குப் பின்னால் தண்ணீர் இல்லை. அவை கோணிப்போகும்.

அப்புறம் கணக்கைப் பார்ப்போம். ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை ஏற்ற 4.2 கிலோயூல் வேண்டும். உங்கள் 1500 லீற்றருக்குப் பாகைக்கு 6300 கிலோயூல், அதாவது 6.3 மெகாயூல். நோர்வேயில் 5 பாகைத் தண்ணீரை 38 க்கு ஏற்ற வேண்டும், அதாவது 33 பாகை, 200 மெகாயூலுக்கு மேல். உங்கள் கிணற்றுத் தண்ணீர் மாரியிலும் 27, 28 பாகையில் இருக்கும். நீங்கள் ஏற்ற வேண்டியது 10 பாகை, 63 மெகாயூல். நன்றாகக் காய்ந்த விறகு கிலோவுக்கு 15 மெகாயூல் தரும். இப்படியான அடுப்பு அதில் பாதியைத் தண்ணீருக்குக் கொடுத்தாலே பெரிய காரியம். ஆக, ஒரு கிலோ காய்ந்த விறகுக்குத் தொட்டி ஒரு பாகைக்குச் சற்று மேல் ஏறும். 10 பாகைக்கு 9, 10 கிலோ போதும். ஒரு தலைச்சுமையில் பாதி கூட இல்லை.

இந்த அளவுக்கு இரண்டு மடங்கு சூடு தரும் கரியை இங்கிலாந்தில் இருந்து இறக்க என்ன தேவை?


லண்டன்_திருமலையான்
திங்கள், மாலை 5.30

ஐயா, கணக்குச் சரி. அடுப்புப் பொருந்தாது என்றால் நான் எதுவும் சொல்வதற்கு இல்லை. ஆனால் ஒரு கம்பித் தட்டு ஒட்டுவது எந்தப் பட்டறையிலும் முடிகிற வேலை. விருந்தினர் இரண்டு மணித்தியாலம் தண்ணீரில் கிடப்பார்கள். அந்த நேரம் முழுவதும் சூடு விழாமல் பிடிப்பது எது? விறகு அரை மணித்தியாலத்தில் எரிந்து முடிந்துவிடும். அந்திரசைற் நின்று எரியும். என் தொட்டி இரவு முழுவதும் 39 இல் நிற்கிறது.


பழைய_கொதிகலன்
திங்கள், இரவு 8.00

உங்கள் தொட்டி 39 இல் நிற்பதற்குக் காரணம், வெளியில் 4, 5 பாகைக் குளிர் ஒவ்வொரு நிமிடமும் சூட்டைத் தின்றுகொண்டிருப்பது. அடுப்புக் கொடுக்கிறது, காற்று எடுக்கிறது, கணக்குச் சமன். இங்கே மார்கழி இரவிலும் காற்று 24 பாகையில் நிற்கும். மூடியைப் போட்டுவிட்டால் தொட்டி சூட்டை மிக மெதுவாகத்தான் கக்கும். இந்த ஊரில் தண்ணீரைச் சூடாக்குவது லேசு. சூடாவதை நிறுத்துவதுதான் பாடு.

அந்திரசைற் அணையாமல் எரிய வேண்டுமானால் குறைந்தது நாலைந்து கிலோ அடுக்கு வேண்டும். 5 கிலோவில் 150 மெகாயூல். பாதி தண்ணீருக்குப் போனால் 75. அதாவது 12 பாகை. 28 இல் தொடங்கினால் 40 ஐத் தொட்டுவிடும், 35 இல் இருக்கும்போது இன்னொரு வாளி கரி கொட்டினால் 47. மனிதர் இருக்கக்கூடிய உச்சம் 40 பாகை என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். வயதானவர்களுக்கும் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் அதுவே கூட, கர்ப்பிணிகளுக்கு வேண்டவே வேண்டாம். தண்ணீர் 38 ஐத் தாண்டுகிறது என்று தெரிந்த பிறகு அடுப்புக்குள் இருக்கிற நிலக்கரியை என்ன செய்வீர்கள்? தண்ணீர் ஊற்றினால் நீராவி முகத்தில் அடிக்கும், தகடும் கோணும். வாரி வெளியே கொட்டினால் பக்கத்தில் விருந்தினர் நிற்பார்.

விறகில் இந்தத் தொல்லை இல்லை. 36 இல் போடுவதை நிறுத்தினால், உள்ளே இருக்கிற தணலின் சூட்டில் 37, 38 இல் வந்து நிற்கும். அரை மணித்தியாலத்தில் முடிகிறது என்று நீங்கள் குறையாகச் சொன்னீர்களே, இந்த ஊரில் விறகை எடுப்பதே அதற்காகத்தான். சூடு குறைந்தால் ஒரு சிராய்க் கட்டு, இரண்டு கொள்ளி, போதும்.


மூதூர்_மில்
திங்கள், இரவு 9.25

அஸ்ஸலாமு அலைக்கும். விடுதி நானா, உமியைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் மில்லில் நெல் அவிக்கிற கொதிகலன் முழுக்க உமியில்தான் ஓடுகிறது. ஏற்றிக்கொண்டு போனால் போதும்.


பழைய_கொதிகலன்
திங்கள், இரவு 9.50

நானும் நெல் அவிக்கிற கொதிகலனோடு காலத்தைக் கழித்தவன் தம்பி. உமிக்குச் சரிவான படித்தட்டும் காற்றாடியும் வேண்டும். அதைச் சும்மா குவித்துக் கொளுத்தினால் மேல் தோல் கருகி, உள்ளே நாள் கணக்கில் புகைந்துகொண்டு கிடக்கும். எரிந்தாலும் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சாம்பல் நிற்கும். சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா, காற்றுக்குக் கிளம்பித் தொட்டித் தண்ணீரில் படியும். தலைமயிரில் உமிச் சாம்பலோடு எந்த விருந்தினரும் காசு தரமாட்டார்.


மூதூர்_மில்
திங்கள், இரவு 10.00

சரி சரி, உமிக்கட்டி அழுத்தி விற்கிறார்களே, அது?


பழைய_கொதிகலன்
திங்கள், இரவு 10.15

அது எரியும், சாம்பல் அதே அளவு. மழைக்காலத்தில் ஈரம் பட்டால் ஊதி உடைந்து திரும்பவும் உமியாகிவிடும். உங்களுக்கு மில் பக்கத்தில் இருந்தால் வையுங்கள், உப்புவெளிக்கு வேண்டாம்.


நிலாவெளிக்_கடலோடி
செவ்வாய், காலை 7.10

கடற்கரைக் கட்டையை ஏன் யாரும் சேர்க்கவில்லை? நாங்கள் கரைவலை இழுக்கிற இடத்தில் குளிர் காய்வதும் தேத்தண்ணீர் வைப்பதும் அதில்தான். வெயிலில் கிடந்து எலும்பாகக் காய்ந்திருக்கும். நீல நிறச் சுவாலை வரும், பார்க்க வெள்ளைக்காரர் படம் எடுப்பார்கள். பழைய வள்ளத்துப் பலகையும் நிறையக் கிடக்கிறது.


கராஜ்_மச்சான்
செவ்வாய், காலை 9.00

நான் வெல்டிங் வேலை செய்பவன், டவுனில் பட்டறை. விறகைப் பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது, தகட்டைப் பற்றித் தெரியும். அந்தக் கடற்கரைக் கட்டையை அடுப்புக்குள் போடாதீர்கள்.

உப்பில் ஊறிய மரம் எரிந்தால் உப்பில் உள்ள குளோரைட் புகையோடு போய்ச் சுவரில் படியும். இந்த அடுப்பின் சுவருக்குப் பின்னால் தண்ணீர் இருப்பதால் சுவர் எப்போதும் குளிர்ந்துதான் இருக்கும். கொளுத்தின முதல் அரை மணித்தியாலத்தில் புகையில் உள்ள ஈரம் அதில் வியர்த்து வழியும். அந்த ஈரமும் குளோரைட்டும் சேர்ந்தால் ஸ்டெயின்லெஸ்ஸுக்கு எமன். பரவலாகத் துருப்பிடிக்காது, ஊசி குத்தின மாதிரிப் புள்ளி புள்ளியாக உள்ளே இறங்கும். முக்கியமாக வெல்டிங் தையல் ஓரத்தில். வெளியே மினுங்கிக்கொண்டே இருக்கும், ஒரு நாள் தண்ணீர் அடுப்புக்குள் சொட்டும். விடுதிகளின் வெந்நீர்க் கலன்களை வெட்டிப் பார்த்தால் நான் காண்பது இதைத்தான். உப்புவெளி, நிலாவெளிக் கிணறுகளில் பலவற்றில் தண்ணீரே உவர், அதனால் தண்ணீர்ப் பக்கத்தால் ஏற்கெனவே தாக்குதல் நடக்கிறது. தீப் பக்கத்தாலும் உப்பை ஊட்ட வேண்டுமா?

வள்ளத்துப் பலகையில் பூச்சு இருக்கும். அடியில் பூசுவது பாசியும் சிப்பியும் பிடிக்காமல் இருக்கப் போடும் செம்பு கலந்த நஞ்சுப் பூச்சு. அதை எரித்த புகை மூச்சுக்கு ஆகாது. பழைய றெயில் சிலிப்பர்க் கட்டையும் அதே சாதி, தார் எண்ணெய் ஊட்டினது.


நிலாவெளிக்_கடலோடி
செவ்வாய், காலை 9.40

நாங்கள் திறந்த வெளியில் எரிப்பதால் தெரியவில்லை போல. சரி, வெள்ளைக்காரர் படம் எடுக்கக் கரையில் தனியாகக் கொளுத்துங்கள்.


உப்புவெளி_விடுதி
செவ்வாய், மதியம் 12.30

கராஜ் மச்சான், நல்ல நேரத்தில் சொன்னீர்கள், ஒரு குவியல் சேர்த்து வைத்திருந்தேன். அப்படியானால் என் வளவுச் சாமான்? பொச்சு, மட்டை, சிரட்டை மூன்றும்?


பழைய_கொதிகலன்
செவ்வாய், பகல் 1.15

மூன்றையும் ஒரே மாதிரிப் பார்க்கக்கூடாது.

சிரட்டை முதல் தரம். விறகை விடக் கிலோவுக்குச் சூடு கூட, அடர்த்தி கூட, சாம்பல் மிகக் குறைவு. குறை என்னவென்றால் ஒரேயடியாகப் பற்றிக்கொண்டு கருப்புப் புகையோடு பாயும். அடுப்பு நிறையச் சிரட்டை போட்டால் புகைக்குழாயின் கழுத்து சிவக்கும். ஒரு தடவைக்கு நாலைந்து சிரட்டை, அதுவும் விறகு பிடிக்கும் வரை. குழிப்பக்கம் கீழே பார்க்கக் கவிழ்த்து வையுங்கள், காற்று உள்ளால் போகும்.

மட்டை பற்ற வைக்க நல்லது. சுவாலைதான், தணல் நிற்காது. பாளையும் பன்னாடையும் அதே கணக்கு. பனை இருக்கிற வளவென்றால் ஊமலும் சேர்க்கலாம், கிழங்கு கிண்டி எடுத்த பிறகு சும்மா எறிவதுதானே. ஊமல் சிரட்டையைப் போல நின்று எரியும்.

பொச்சு வேண்டாம். புகைந்து புகைந்து எரியும். அதன் சாம்பலில் பொட்டாசியமும் குளோரைட்டும் அதிகம். அந்தச் சாம்பலைத் தென்னை அடியில் போடுவது அதற்குத்தான். மரத்துக்கு உரம், தகட்டுக்கு நஞ்சு. கராஜ்காரர் சொன்ன கதை இதற்கும் பொருந்தும்.


கராஜ்_மச்சான்
செவ்வாய், பகல் 1.40

ஐயா சொன்னதோடு ஒன்று. எந்தச் சாம்பலையும் உள்ளே விட்டு ஈரம் பட விடாதீர்கள். நனைந்த சாம்பல் காரம். ஸ்டெயின்லெஸ் ஓரளவு தாங்கும். அலுமினிய அடுப்பு வாங்கினவர்கள் யாராவது இதை வாசித்தால், அலுமினியத்தைக் காரம் கரைத்துவிடும். சாம்பல் மெத்தை இரண்டு விரற்கடை இருந்தால் விறகுக்கு நல்லது என்பது சரி. ஆனால் அடுத்த விருந்தினர் எப்போது வருவார் என்று தெரியாத காலத்தில் வாரி எடுத்துவிட்டு, புகைக்குழாய் வாயை ஒரு ரின்னால் மூடி வையுங்கள்.


லண்டன்_திருமலையான்
செவ்வாய், மாலை 6.20

நிலக்கரிப் பேச்சை நான் விட்டுவிட்டேன். சிரட்டைக் கரி? அது புகைக்காதே. மீன் சுடுகிறவர்கள் எல்லாம் அதைத்தானே பாவிக்கிறார்கள்.


பழைய_கொதிகலன்
செவ்வாய், இரவு 7.30

நிலக்கரியில் சொன்ன அதே இரண்டு குறை: கீழ்க் காற்று வேண்டும், நிறுத்த முடியாது. மூன்றாவது குறை பெரியது. கரித்தணல் புகையே இல்லாமல் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவைக் கக்கும், மணமும் இல்லை, கண்ணும் எரியாது. உங்கள் தொட்டி திறந்த வெளியில் இருக்கலாம். மழைக்கு மூன்று பக்கமும் தறப்பாள் கட்டப்போகிறீர்களா இல்லையா? கட்டினால் அதற்குள் கரி வேண்டாம். விறகு என்றாலும் புகைக்குழாய் கூரைக்கு மேலே போக வேண்டும்.


தம்பலகாமம்_வளவு
செவ்வாய், இரவு 8.45

தம்பி, இவ்வளவு பேசிவிட்டீர்கள், விறகு என்றால் எந்த விறகு என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் வேலி முழுக்கக் கிளிசரியா மரம். 2005 இல் அதைத் தேயிலை, றப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிர் என்று அரசாங்கமே அறிவித்தது. இலை ஆட்டுக்கும் வயலுக்கும், கட்டை அடுப்புக்கு. வெட்ட வெட்டத் தளிர்க்கும். கையளவு, மணிக்கட்டளவு தடிப்பில் வருவதால் பெரிதாகக் கொத்த வேண்டியதில்லை. பொறி பறக்காது, புகையும் குறைவு. வீட்டில் என் அடுப்பும் இதுதான்.

ஒரே ஒரு நிபந்தனை, காய வேண்டும். பச்சைக் கிளிசரியாவில் பாதி தண்ணீர். சித்திரையில் வெட்டி, இரண்டாகப் பிளந்து, நிலத்தில் படாமல் இரண்டு கல்லுக்கு மேல் அடுக்கிவிட்டால் கச்சான் காற்று ஆடி, ஆவணிக்குள் உரித்துக் காயவைத்துவிடும். மேலே மட்டும் தகரம், பக்கங்களை மூடக்கூடாது. ஐப்பசியில் வெட்டி மார்கழியில் எரிக்க நினைத்தால் புகைதான் மிச்சம்.


உப்புவெளி_விடுதி
செவ்வாய், இரவு 9.10

அக்கா, காய்ந்துவிட்டது என்று எப்படி அறிவது? ஈரம் பார்க்கும் கருவி என்னிடம் இல்லை.


தம்பலகாமம்_வளவு
செவ்வாய், இரவு 9.30

அடுக்கின் நடுவில் இருந்து ஒரு கட்டையை எடுத்து, அடையாளம் போட்டுச் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். கிழமைக்கு ஒரு தடவை அதே கட்டையை நிறுங்கள். எடை குறைந்துகொண்டே வந்து ஓர் இடத்தில் நிற்கும். நின்றால் காய்ந்துவிட்டது. இரண்டு கட்டையை ஒன்றோடு ஒன்று தட்டினால் "டங்" என்று கேட்க வேண்டும், "தொப்" என்று கேட்டால் இன்னும் காலம் இருக்கிறது. தோலும் தானாகக் கழரும்.


லண்டன்_திருமலையான்
புதன், அதிகாலை 1.50

அக்கா சொன்னதற்கு இங்கே சட்டமே இருக்கிறது. இங்கிலாந்தில் சின்ன அளவில் விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது, 2021 இல் இருந்து. ஈர விறகின் புகையைக் கட்டுப்படுத்தத்தான்.


பழைய_கொதிகலன்
புதன், காலை 7.45

உப்புவெளியில் கடற்காற்றின் ஈரத்துக்கு 16, 17 க்குக் கீழே விறகு இறங்காது, அது போதும். ஈர விறகு இந்த அடுப்புக்கு இரட்டைப் பகை. வீட்டு அடுப்பில் சுவர் சூடாகி மிச்சப் புகையையும் எரித்துவிடும். இங்கே சுவருக்குப் பின்னால் 30 பாகைத் தண்ணீர். சுவாலை அதில் பட்டதும் குளிர்ந்து, எரியாத புகை தாராகப் படியும். அந்தத் தார் ஒரு மில்லிமீற்றர் பிடித்தாலே சூடு தண்ணீருக்குப் போவது குறையும், பிறகு நீங்கள் விறகைத்தான் குறை சொல்வீர்கள். ஆகவே மெல்லியதாகப் பிளந்த காய்ந்த விறகு, துள்ளி எரிகிற சுவாலை, காற்றை மூடி அடக்கி எரிக்கிற வேலை வேண்டாம். சூட்டைக் காற்றால் கட்டுப்படுத்தாதீர்கள், போடுகிற விறகின் அளவால் கட்டுப்படுத்துங்கள்.

புளி, சவுக்கு இரண்டும் கிளிசரியாவை விடச் சூடு. கிடைத்தால் நல்லது, ஆனால் தணல் நெடுநேரம் நிற்கும் என்பதால் தொடக்கத்தில் போடுங்கள், கடைசியில் வேண்டாம். வீரை, பாலை, முதிரை என்று காட்டு விறகு கொண்டுவந்து தருகிறேன் என்று ஆட்கள் வருவார்கள். அனுமதி இல்லாமல் வெட்டின மரமாக இருக்கும், வில்லங்கம். கண்டல் கட்டை நன்றாக எரியும்தான், ஆனால் அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட மரம், தொடவே வேண்டாம்.


சாம்பல்தீவு_ரீச்சர்
புதன், மாலை 4.20

அயலில் இருப்பவள் என்ற முறையில் நானும் ஒன்று சொல்கிறேன். உப்புவெளியில் பாதி விடுதிகளின் கூரை கிடுகு, பின்னிய தென்னோலை. சாப்பாட்டுக் கொட்டிலும் கிடுகு. அந்த அடுப்பின் புகைக்குழாயில் இருந்து பறக்கிற பொறி எங்கே போய் விழும் என்று யாராவது யோசித்தீர்களா? மாரியில் கூரை நனைந்திருக்கும், சரி. ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது விருந்தினர் கேட்டார் என்று அடுப்பை மூட்டினால் வரிசையாக நாலு வளவு போகும். மட்டையும் பன்னாடையும்தான் அதிகம் பறக்கும், எரிகிற ஓலைத் துண்டு அப்படியே மேலே கிளம்பும்.

அப்புறம் வளவு துப்புரவாக்கின குப்பைக் கட்டையை எல்லாம் போடுகிற பழக்கம் வேண்டாம். அலரிக் கட்டையின் புகை நஞ்சு. களப்பு ஓரத்துத் தில்லைமரத்தின் பாலும் புகையும் கண்ணைக் கெடுக்கும். வேப்பங்கட்டை எரித்தால் நுளம்பு வராது என்று சொல்வார்கள், ஆனால் புகை நேரே என் வீட்டு யன்னலுக்குத்தான் வரும்.


உப்புவெளி_விடுதி
புதன், இரவு 8.00

ரீச்சர், நீங்கள் சொன்ன பிறகுதான் கூரையை நிமிர்ந்து பார்த்தேன். அடுப்பை கொட்டிலில் இருந்து தள்ளி, கடற்கரைப் பக்க மதில் ஓரம் வைக்கலாம். குழாய் நீளமாகும், அது பரவாயில்லையா ஐயா?


பழைய_கொதிகலன்
புதன், இரவு 8.25

நீரோட்டம் தானாக நடக்கிற முறை என்பதால் தண்ணீர்க் குழாயை நீட்டக்கூடாது, நீட்டினால் ஓட்டம் மந்தமாகி அடுப்புக்குள் தண்ணீர் கொதிக்கும். தொட்டியையும் சேர்த்து நகர்த்துங்கள். மேல் குழாய் அடுப்பில் இருந்து தொட்டிக்கு ஏறிக்கொண்டே போக வேண்டும், நடுவில் வளைந்து இறங்கினால் அதில் காற்று அடைத்துக்கொள்ளும். மேல் குழாயின் வாய் தண்ணீருக்குள் மூழ்கின பிறகுதான் தீக்குச்சியைத் தொட வேண்டும், இதை அடுப்பில் எழுதி ஒட்டுங்கள். வேலைக்காரப் பொடியன் ஒருவன் என்றாவது வெறும் அடுப்பை மூட்டுவான்.


உப்புவெளி_விடுதி
அடுத்த ஞாயிறு, காலை 10.15

தொட்டியையும் அடுப்பையும் மதில் ஓரத்துக்கு மாற்றியாயிற்று. தம்பலகாமம் அக்கா சொன்ன ஆளிடம் போன வருடம் வெட்டிக் காய்ந்த கிளிசரியா ஒரு லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டி நிறைய வாங்கினேன். நேற்று மாலை மூட்டிப் பார்த்தோம். அடியில் மட்டைச் சிராய், மேலே நாலு சிரட்டை, அதற்கு மேல் பிளந்த கிளிசரியா. கிணற்றுத் தண்ணீர் 28. ஐயா சொன்ன கணக்குக்கு நிறுத்துத்தான் போட்டேன். இடைக்கிடை துடுப்பால் கலக்கிவிட்டுச் சூடு பார்த்தோம், கலக்காவிட்டால் மேலே கொதியும் காலடியில் குளிரும். 36 இல் விறகை நிறுத்தினேன், தானாக 38 க்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. மூடி போட்டு வைத்தோம். காலையிலும் இளஞ்சூடு இருந்தது. அண்ணருக்குப் படம் அனுப்பினால் "பேர்ச்சா?" என்று கேட்கிறார்.

ஒரு கேள்வி மிச்சம். புகைக்குழாய் வாயில் பொறி பறக்காமல் இருக்க நுளம்பு வலை மாதிரி மெல்லிய கம்பி வலை கட்டினேன். கடைசிப் பக்கம் புகை கதவால் திரும்பி வந்தது.


கராஜ்_மச்சான்
அடுத்த ஞாயிறு, காலை 10.50

வலையின் கண் சின்னது, கரி பிடித்து அடைத்துவிட்டது. அரை அங்குலக் கண் உள்ள ஸ்டெயின்லெஸ் வலை போதும், பெரிய பொறி அதற்குள்ளேயே உடைந்து அணைந்துவிடும். கழற்றித் துடைக்கிற மாதிரி மூடியோடு சேர்த்துச் செய்து தருகிறேன். குழாயின் வெளி விட்டத்தை அளந்து அனுப்புங்கள், உள் விட்டம் வேண்டாம்.


சாம்பல்தீவு_ரீச்சர்
அடுத்த ஞாயிறு, காலை 11.30

நேற்று புகை வந்தது, ஆனால் முன்பு குப்பை எரித்த அளவுக்கு இல்லை. வலை வந்த பிறகும் கச்சான் காலத்தில் மூட்டாதீர்கள் தம்பி.


உப்புவெளி_விடுதி
அடுத்த ஞாயிறு, பகல் 12.05

மூட்டமாட்டேன் ரீச்சர், அந்த மாதங்களில் தொட்டியில் பச்சைத் தண்ணீர்தான். மச்சான், வெளி விட்டம் 154 மில்லிமீற்றர். வியாழனுக்குள் முடியுமா? வெள்ளிக்கிழமை கொழும்பில் இருந்து ஒரு குடும்பம் வருகிறது.


கராஜ்_மச்சான்
அடுத்த ஞாயிறு, பகல் 12.20

புதன் பின்னேரம் வந்து எடுங்கள்.